பழைய ஃபோர்டு எஃப்-150-இன் ஐடில் கோளாறும் இன்னோவா 3145 கோடு ரீடரும்

சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் நடுங்கி அணைந்துவிடுவது, காலையில் கிளப்பியதும் ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே உறுமுவது, நின்ற இடத்திலேயே வேகம் ஏறுவதும் இறங்குவதுமாக அலைபாய்வது ஆகிய மூன்றும் பழைய ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பிக்அப் டிரக் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் என்றாவது ஒருநாள் வரக்கூடிய தொல்லைகள். இவற்றுக்கு அமெரிக்காவில் எவரைக் கேட்டாலும் முதலில் கிடைக்கும் அறிவுரை, ஐடில் ஏர் கன்ட்ரோல் வால்வை மாற்றுங்கள் என்பதுதான். (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகமே ஐடில்.) அந்த வால்வை மாற்றிய பிறகும் இன்ஜின் முன்பு போலவே நடுங்கினால், அடுத்து த்ராட்டில் பொசிஷன் சென்சார், அதற்கடுத்து ஆக்சிஜன் சென்சார் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இப்படி ஊகத்தின் பேரில் பாகங்களை மாற்றிக்கொண்டிருப்பதற்கு மாற்றாக, வண்டியின் கம்ப்யூட்டரையே விசாரிக்க உதவும் எளிய கருவி ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. ஃபோர்டு, லிங்கன், மெர்குரி ஆகிய பெயர்களில் 1981 முதல் 1995 வரை வந்த பெரும்பாலான அமெரிக்க மாடல்களுக்கென விற்கப்படும் இன்னோவா 3145 கோடு ரீடரே, அதாவது கம்ப்யூட்டர் தரும் கோளாறுக் குறியீடுகளைப் (கோடுகளை) படிக்கும் கருவியே, அது. நான் இதை 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின் கொண்ட எஃப்-150-ஐ மனத்தில் வைத்தே எடைபோடுகிறேன். 1987-இல் கார்புரேட்டரைக் கைவிட்டு ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறி 1996 வரை உற்பத்தியில் இருந்த அந்த இன்ஜின், இன்றும் அங்கே பண்ணைகளிலும் கட்டட வேலைகளிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கத் தகுந்த கருவிதான். ஆனால், எந்தப் பாகம் கெட்டுப்போனது என்று இது சொல்லும் என நம்பி வாங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள். ஐடிலைத் தன் பிடியில் வைத்திருக்க முடியாமல் கம்ப்யூட்டர் எந்தப் பக்கமாகத் தோற்றது என்பதை மட்டுமே இது தெரிவிக்கிறது. தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைகிறது என்ற அளவில் அதுவே பெரிய உதவி. மீதிப் பாதிக்கு, இன்ஜின் இழுக்கும் உறிஞ்சலை (வேக்கம்) அளக்கும் ஒரு வேக்கம் கேஜும் ஒரு மல்டிமீட்டரும் கட்டாயம் தேவைப்படும்.

இன்று எல்லோரிடமும் இருக்கும் புளூடூத் ஸ்கேனரை ஏன் பயன்படுத்தக் கூடாது என்ற கேள்வி எழலாம். வண்டியின் கம்ப்யூட்டரிடமிருந்து கோளாறுகளைப் படிப்பதற்கான ஓபிடி-2 என்னும் பொதுத் தரமும் அதற்குரிய பதினாறு முனை கனெக்டரும் அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டிலிருந்துதான் கட்டாயமாயின. அதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனி முறை வைத்திருந்தது. ஃபோர்டின் முறைக்கு இஇசி-4 என்று பெயர். அதன் சோதனைக் கனெக்டர் பானெட்டுக்கு அடியில் இருக்கும். அகலமான ஒரு பிளக்கும் அதன் அருகே தனியாகத் தொங்கும் ஒற்றை முனை வயரும் சேர்ந்ததுதான் அது. இன்னோவா 3145 இவ்விரண்டிலும் பொருந்துகிறது. அந்த ஒற்றை வயரை எர்த் செய்தால் கம்ப்யூட்டர் சுய சோதனையில் இறங்கி, தான் கண்டறிந்ததை மின்துடிப்புகளாக வெளியிடும். கருவி அத்துடிப்புகளை எண்ணித் திரையில் எண்களாகக் காட்டுகிறது. இதன் வேலை அவ்வளவுதான்.

இதே வேலையை ஒரு துண்டு வயரும் பழைய முள் வோல்ட்மீட்டரும் கொண்டு செலவில்லாமல் செய்ய முடியும் என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது தவறில்லை. இரண்டு இலக்கக் கோடுகளைத் தரும் தொடக்ககால டிரக்குகளில் முள்ளின் அசைவைப் பொறுமையாக எண்ணிவிடலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோடுகள் மூன்று இலக்கமாயின. ஐந்தாறு கோடுகள் வரிசையாக வந்து, ஒவ்வொன்றும் இருமுறை வரும்போது, 172-ஐ 173 என்று எண்ணிவிடுவது மிக எளிது. முதலாவது, கலவையில் பெட்ரோல் குறைவு என்பதைக் குறிக்கும்; இரண்டாவதோ பெட்ரோல் அதிகம் என்பதைக் குறிக்கும். ஒரு துடிப்பைத் தவறவிட்டால் நேர் எதிரான திசையில் தேடத் தொடங்கிவிடுவோம். திரையில் எண் தெரிவதற்குக் கொடுக்கும் விலை இந்த ஒரு காரணத்துக்காகவே தகும் என்பது என் எண்ணம்.

கருவியை மதிப்பிடுவதற்கு ஐடில் எப்படிக் கட்டுப்படுத்தப்படுகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது த்ராட்டில் தகடு ஏறக்குறைய முழுவதும் மூடிக்கொள்கிறது. இன்ஜின் உயிரோடு இருப்பதற்கான காற்று அந்தத் தகட்டைச் சுற்றிச் செல்லும் சிறு பாதை வழியாகவே வருகிறது. அந்தப் பாதையின் கதவுதான் ஐடில் ஏர் கன்ட்ரோல் வால்வு. இன்ஜின் குளிர்ந்திருந்தால் கம்ப்யூட்டர் அதை அதிகமாகத் திறக்கும், சூடேறியதும் குறைக்கும், ஏசியைப் போட்டால் மீண்டும் சற்றுத் திறக்கும். உள்ளே போகும் காற்றின் அளவை இந்த டிரக்கின் கம்ப்யூட்டர் நேரடியாக அளப்பதில்லை. சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டிலுள்ள அழுத்தத்தை மேப் சென்சார் வழியாக அறிந்து, அதனுடன் இன்ஜின் வேகத்தையும் காற்றின் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. ஸ்பீடு டென்சிட்டி என்று இதைச் சொல்வார்கள்.

பலரைத் தடுமாற வைப்பது இந்த இடம்தான். காற்றை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் கொண்ட வண்டியில், மேனிஃபோல்டோடு இணைந்த ரப்பர் குழாயான வேக்கம் ஹோஸ் விரிசல் விட்டால், அதன் வழியே நுழையும் காற்று கணக்கில் வராமல் போய், கலவையில் பெட்ரோல் குறைந்து, இன்ஜின் திணறும். ஸ்பீடு டென்சிட்டி வண்டியிலோ நுழையும் காற்று மேனிஃபோல்டு அழுத்தத்தை உயர்த்துகிறது. அந்த உயர்வை மேப் சென்சார் பார்க்கிறது. கம்ப்யூட்டர் அதற்கேற்ப பெட்ரோலையும் கூட்டிவிடுகிறது. ஆகவே, கசிவு இருந்தும் இன்ஜின் பெரிதாகத் திணறாமல் வேகமாக ஓடத் தொடங்குகிறது. அதைக் குறைக்க வால்வை மூடிப் பார்த்து, மூடுவதற்கு இனி இடமில்லை என்ற நிலையில் கம்ப்யூட்டர் கையை விரித்துவிடுகிறது. கசிவு ஒரேயொரு சிலிண்டரின் வாய்க்கு அருகில் இருந்தால் மட்டும் அந்தச் சிலிண்டர் தனியாகத் தடுமாறும். மற்ற வண்டிகளைப் பார்த்துப் பழகிய மெக்கானிக்குகள், உயர்ந்த ஐடிலைக் கண்டும் வேக்கம் கசிவைச் சந்தேகிக்காமல் விடுவதற்கு இந்த வேறுபாடே காரணம்.

இன்னோவா 3145-இன் உண்மையான பயன் இங்கே தொடங்குகிறது. சோதனை இரண்டு கட்டங்களாக நடக்கும். முதல் கட்டத்தில் சாவியைத் திருகி இன்ஜினைக் கிளப்பாமல் வைத்திருக்க வேண்டும். அப்போது சென்சார்களின் மின்னளவுகள் சரிபார்க்கப்பட்டு, இப்போது இருக்கும் கோளாறுகளும், 10 என்ற பிரிப்பு எண்ணுக்குப் பிறகு நினைவில் சேர்ந்துள்ள பழைய கோளாறுகளும் வரும். இரண்டாம் கட்டம் ஓடும் இன்ஜினில். இதற்கு முன் இன்ஜின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். நிமிடத்துக்கு 2,000 சுற்று வேகத்தில் இரண்டு நிமிடம் ஓடவிட்டால் ஆக்சிஜன் சென்சாரும் தயாராகிவிடும். சோதனை தொடங்கியதும் ஆறு சிலிண்டருக்கு அடையாளமாக மூன்று துடிப்புகள் வரும். திரையில் அது 30 என்றும் தெரியலாம். உடனே பிரேக்கை ஒருமுறை மிதித்து, ஸ்டியரிங்கை அரைச் சுற்றுத் திருப்ப வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, 52, 74 என்ற கோடுகளைப் பார்த்துப் பவர் ஸ்டியரிங் சுவிட்சையும் பிரேக் சுவிட்சையும் மாற்றியவர்கள் நிச்சயம் இருப்பார்கள். பின்னர் 10 என்று வந்தால் ஆக்சிலரேட்டரை ஒரு கணம் முழுவதும் அழுத்தி விட வேண்டும். கருவியுடன் வரும் கையேடு இந்த நடைமுறையைச் சொல்கிறது. எண்களின் பொருளையும் பட்டியலிடுகிறது. முதல்முறை செய்பவர் அதைப் படித்து முடித்துவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும்.

ஓடும் சோதனையின்போது கம்ப்யூட்டர் தானாகவே ஐடில் வேகத்தை உயர்த்திப் பார்க்கும், தாழ்த்தியும் பார்க்கும். உயர்த்த முயன்று முடியாவிட்டால் 12 வரும். மூன்று இலக்க வண்டியில் 412. தாழ்த்த முயன்று முடியாவிட்டால் 13 அல்லது 411. இவ்விரண்டும் ஐடில் கோளாறில் வேறெந்தக் கோடும் தராத அளவுக்குத் தெளிவைத் தருகின்றன. 12 வந்தால் காற்றுப் பாதை திறக்கவில்லை என்று பொருள்: வால்வு கார்பன் படிந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம், வால்வுக்குப் போகும் வயர் அறுந்திருக்கலாம், வால்வின் காயில் எரிந்திருக்கலாம். மல்டிமீட்டரை வால்வின் இரு முனைகளில் வைத்தால் சுமார் 7 முதல் 13 ஓம் வரை காட்ட வேண்டும். 13 வந்தால் வால்வை மூடிய பிறகும் காற்று வேறெங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது: விரிசல் விட்ட ஹோஸ், தளர்ந்த மேனிஃபோல்டு கேஸ்கெட், எவரோ திருகி வைத்த த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூ, இழுபடும் கேபிள், அல்லது திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்ட அதே வால்வு. எந்தக் கோடு வந்தாலும் வால்வை மாற்றுவது எப்படி வீண் செலவாகிறது என்பது இப்போது புரியும். 13 வந்தவர்களில் பலருக்குத் தேவைப்படுவது புதிய வால்வு அல்ல. ஓரிரு அடி ரப்பர் ஹோஸ்.

கோடு தந்த திசையை உறுதிப்படுத்த ஓர் எளிய சோதனை போதும். சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது வால்வின் கனெக்டரைக் கழற்றினால் வேகம் சட்டென்று விழ வேண்டும் அல்லது இன்ஜின் அணைய வேண்டும். விழுந்தால், வால்வும் கம்ப்யூட்டரும் அதுவரை வேலை செய்துகொண்டிருந்தன என்று கொள்ளலாம். எந்த மாற்றமும் இல்லாவிட்டால், ஒன்று வால்வு அசையவில்லை, அல்லது வேறு வழியே வரும் காற்றுக்காகக் கம்ப்யூட்டர் அதை ஏற்கெனவே மூடிவிட்டது. இதைக் கோடு ரீடரால் சொல்ல முடியாது. காதால்தான் கேட்க வேண்டும்.

ஐடிலோடு தொடர்புடைய மற்றக் கோடுகளில் 34, அதாவது 334, தனிக் கவனம் பெற வேண்டியது. எரிந்த வாயுவில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு முழுமையாக மூடவில்லை என்று அதன் பொசிஷன் சென்சார் சொல்வதைக் குறிக்கும் எண் அது. புகைக்குழாயிலிருந்து எரிந்த வாயு ஐடில் நேரத்தில் மேனிஃபோல்டுக்குள் புகுந்தால், ஆறில் எந்த சிலிண்டரும் ஒழுங்காக எரியாது. ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் எல்லாம் சரியானது போலத் தோன்றும். பிளக்கையும் வயரையும் குறை சொல்லிக் காலம் கடத்துவதற்கு மிகவும் ஏற்ற கோளாறு இது. வால்வின் அடியில் சிக்கிய கார்பன் துணுக்கை அகற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். 22 (126) மேப் சென்சாரையும், 23 (121) த்ராட்டில் பொசிஷன் சென்சாரையும், 21 (116) கூலன்ட் வெப்பச் சென்சாரையும் சுட்டும். 21-ஐப் பார்த்ததும் சென்சாரை வாங்க ஓடக் கூடாது. இன்ஜின் போதிய அளவு சூடேறாமல் சோதித்தாலும், தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டாலும் அதே எண் வரும். புகையைச் சுத்தமாக்கக் காற்றை ஊதும் ஏர் பம்பைக் கழற்றி எறிந்துவிட்ட வண்டிகளில் 44 வந்துகொண்டே இருக்கும். ஐடில் விசாரணையில் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

பெட்ரோல் குறைவு என்று சொல்லும் 41 அல்லது 172 வந்தால் ஆக்சிஜன் சென்சார்மீது பழி விழுவது வழக்கம். அந்தச் சென்சார் தான் பார்த்ததைச் சொல்கிறது. சொன்னவனைத் தண்டித்துப் பயனில்லை. பெட்ரோல் அழுத்தம் குறைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 4.9 லிட்டர் இன்ஜினில் ஓடும்போது 45 முதல் 60 பிஎஸ்ஐ வரை இருக்க வேண்டும். அதே டிரக்கின் வி8 இன்ஜின்களுக்கு இது 30 முதல் 45 வரைதான். இந்த வேறுபாடு தெரியாமல் 38 பிஎஸ்ஐ போதும் என்று சொல்லி அனுப்பிவிடும் கடைகளும் உண்டு. இதற்கு நேர்மாறாக 42 அல்லது 173 வந்தால், பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடையோ ஈரமோ இருந்தால் ரெகுலேட்டரின் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. மதிப்புரைக்குரிய கருவி இவற்றில் எதையும் அளக்காது. ஃபியூயல் ரெயிலில் பொருத்தும் பிரஷர் கேஜ் தனியே வேண்டும். உதிரிபாகக் கடைகள் சில வைப்புத் தொகை வாங்கிக்கொண்டு இரவலாகவும் தருகின்றன.

இன்னோவா 3145-இன் பெரிய குறை, ஓடும் நேரத்தின் அளவுகளை அது காட்டாததுதான். ஓபிடி-2 ஸ்கேனரில் த்ராட்டில் வோல்ட், கூலன்ட் வெப்பம், கலவைத் திருத்தம் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம். இதில் அது நடக்காது. பழியைக் கருவிமேல் மட்டும் போடுவதும் நியாயமில்லை, ஏனெனில் இந்தக் காலத்து எஃப்-150 கம்ப்யூட்டர்கள் சோதனைக் கனெக்டர் வழியாக அத்தகைய விவரங்களைப் பொதுவாக வெளியே விடுவதில்லை. கோடு வரும் அளவுக்குக் கெடாமல், ஆனால் ஐடிலைக் கெடுக்கும் அளவுக்கு நழுவிவிட்ட சென்சாரை இதனால் பிடிக்க முடியாது. மேப் சென்சார் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஃபோர்டின் மேப் சென்சார் வோல்ட்டாக அல்லாமல் அதிர்வெண்ணாகப் பதில் சொல்கிறது. கடல்மட்டத்தில் சாவியைத் திருகி இன்ஜினைக் கிளப்பாமல் அளந்தால் 159 ஹெர்ட்ஸுக்கு அருகில் வர வேண்டும். 18 அங்குல வேக்கத்தில் 109. டென்வர் போன்று ஒரு மைல் உயரத்தில் இருக்கும் ஊரில் முதல் அளவே சுமார் 143-ஆக இருக்கும், அது கோளாறு அல்ல. மலிவான மல்டிமீட்டரில் ஹெர்ட்ஸ் அளக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது இந்த டிரக்கைப் பொறுத்தவரை கோடு ரீடருக்குச் சமமான முக்கியத்துவம் உடையது.

வேக்கம் கேஜைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல நிலையிலுள்ள இன்ஜின் கடல்மட்டத்தில் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் வரை அசையாமல் காட்டும். ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். முள் நிலையாகத் தாழ்ந்து நின்றால் கசிவு அல்லது தாமதமான டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்). ஒழுங்கான இடைவெளியில் துடித்தால் ஒரு வால்வோ ஒரு சிலிண்டரோ ஒத்துழைக்கவில்லை. டைமிங்கைச் சரிபார்க்கும்போது கம்ப்யூட்டர் டைமிங்கை மாற்றப் பயன்படுத்தும் ஸ்பவுட் கனெக்டரைக் கழற்றிய பிறகே பார்க்க வேண்டும். அப்போது 10 டிகிரி முன்னதாக இருப்பது 4.9-க்குரிய அளவு. கழற்றாமல் பார்த்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் இருந்த கோளாறோடு புதிய கோளாறும் சேரும்.

த்ராட்டில் பொசிஷன் சென்சாரை மிகச் சரியாக 0.99 வோல்ட்டில் வைத்தால் ஐடில் சீராகும் என்ற நம்பிக்கை ஒன்று பல ஆண்டுகளாகப் புழங்கிவருகிறது. ஏறக்குறைய 0.6-க்கும் 1.2-க்கும் இடையே எந்த அளவு வந்தாலும், தான் கண்ட மிகக் குறைந்த அளவையே மூடிய நிலையாக இந்தக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிறது. ஆகவே சென்சாரின் துளைகளை அரத்தால் அகலப்படுத்தி அந்த எண்ணைத் துரத்துவது வீண் வேலை. மூடிய நிலையிலிருந்து முழுத் திறப்பு வரை மெதுவாகத் திறக்கும்போது வோல்ட் எங்கும் தாவாமல் ஏறுகிறதா என்பதே பார்க்க வேண்டியது.

யாருக்கு இது வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். 1996 எஃப்-150 வைத்திருப்பவர்கள் தங்கள் வண்டியில் ஓபிடி-2 கனெக்டர் இருக்கிறதா என்று டாஷ்போர்டின் அடியில் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும். அதே காலத்து செவ்ரோலே, டாட்ஜ், டொயோட்டா பிக்அப்களுக்கு இது பொருந்தாது. அவற்றில் கோடு எடுக்கும் முறைகளே வேறு. ஒரே ஒருமுறை சோதித்துவிட்டு வண்டியை விற்கப் போகிறவருக்குத் துண்டு வயரும் பொறுமையும் போதும். டிரக்கை வேலைக்கு வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டப் போகிறவர் தயங்காமல் வாங்கலாம்.

வாங்கிய பின் கருவியை மாட்டியும் திரையில் எதுவுமே வராவிட்டால், கருவி பழுது என்று திருப்பி அனுப்புவதற்கு முன் மூன்று இடங்களைப் பார்ப்பது நல்லது. பானெட்டுக்கு அடியில் முப்பது ஆண்டுகளாகக் கிடக்கும் சோதனைக் கனெக்டரின் முனைகளில் பச்சை படிந்திருக்கலாம். கான்டாக்ட் கிளீனரால் துடைத்துவிட்டு மீண்டும் மாட்டிப் பார்க்க வேண்டும். அடுத்து, த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் கனெக்டரில் கம்ப்யூட்டர் அனுப்பும் 5 வோல்ட் வருகிறதா என்று அளக்க வேண்டும்; அது வராவிட்டால் கம்ப்யூட்டருக்குப் போகும் ரிலேயும் எர்த் வயரும் விசாரணைக்கு வரும். அவையும் சரியாக இருந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டரின் உறையைத் திறந்து பார்க்க வேண்டும். உள்ளேயுள்ள எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் வயதானபின் கசிந்து, போர்டிலுள்ள செம்புப் பாதைகளை அரித்துவிடுவது இந்த டிரக்குகளில் நன்கு அறியப்பட்ட நோய். அரிப்பு பரவுவதற்கு முன் கவனித்தால், எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கும் எவரும் அந்தக் கெபாசிட்டர்களை மாற்றிக் கொடுத்துவிடுவார்.